குழாயில் ஒரு தட்டு

அன்று மழை முதலில் நின்றதா, ஓடை முதலில் நின்றதா என்று கேட்டால் ஊரில் ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எனக்கும் என் நினைவின் மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லை. மழை நிற்கவே இல்லை என்றுதான் நினைக்கிறேன். ஆனால் நடந்த காரியம் பெரிதாகிவிட்டால் நினைவு தன் இஷ்டத்துக்குச் சுவர் எழுப்பி ஜன்னல் வைத்துக்கொள்ளும். ஆகவே மழையையும் பொழுதையும் நான் தவறாகச் சொல்லலாம். குழாயில் விழுந்த தட்டுகளை மட்டும் தவறாகச் சொல்ல மாட்டேன். அவற்றைத் தட்டியவள் வாயாலேயே பலமுறை கேட்டிருக்கிறேன்.

அவளை ஊரில் ஆப்பரேட்டரம்மா என்பார்கள். மலையடிவாரத்தில், ஓடைக்கரையை ஒட்டி இருந்த பில்டர் ஹவுஸில் வேலை. மலையிலிருந்து வரும் தண்ணீரைத் தெளியவைத்து, வடிகட்டி, ஊருக்குத் திறந்துவிட வேண்டும். இரண்டு அறைகள். ஒன்றில் படிகார மூட்டைகள். மற்றதில் ஒரு மேஜை, தண்ணீர் மட்டம் காட்டும் கண்ணாடிக் குழல், பிறகு சுவரைத் துளைத்துக்கொண்டு உள்ளே வரும் கனத்த இரும்புக் குழாய். அந்தக் குழாய் மேலே, ஓடையை மறித்துக் கட்டிய ஒரு சிறு தடுப்பணையில் தொடங்குகிறது. அதன் வாயில் கம்பித் தடுப்பு. மழைக்காலத்தில் சருகும் சுள்ளியும் வந்து அதை அடைத்துக்கொள்ளும். அடைத்தால் கீழே மட்டம் இறங்கும். மட்டம் இறங்கினால் யாராவது ஓடைக்குள் இறங்கி அள்ளிப்போட வேண்டும். அந்த யாராவது, அவள் கணவர்.

அவருக்கு ஊர் வைத்த பெயர் ஒத்தச்சொல்லு. கேள்வி எவ்வளவு நீளமாக இருந்தாலும் பதில் ஒரு சொல்தான். "அந்த மனுஷன்கிட்ட வாய்க்கும் வால்வு வச்சிருக்காங்க" என்று பாலத்தடி டீக்கடைக்காரர் சொல்லுவார். ஒத்தச்சொல்லு அதற்கும் சிரிக்க மாட்டார். டீயைக் குடித்துவிட்டுக் கிளாஸைக் கவிழ்த்து வைப்பார்.

தடுப்பணையில் போன் எடுக்காது. அதனால் குழாய்தான் அவர்களுக்குத் தந்தி. அவள் கீழே ஸ்பேனரால் குழாயைத் தட்டினால் மேலே கேட்கும். ஒரு தட்டு என்றால், தண்ணீர் வந்துவிட்டது, போதும், கரையேறி வாங்க. இரண்டு என்றால், போதவில்லை, இன்னும் அள்ளுங்க. அவரும் அங்கிருந்து பதிலுக்குத் தட்டுவார். ஒன்று என்றால் சரி. இரண்டு என்றால் இல்லை. அவ்வளவுதான் அந்தப் பாஷை. கல்யாணமான புதிதில் வேலைக்காக ஏற்பட்டது. பிறகு அதற்கு மேல் ஒரு சொல்கூட யாருக்கும் தேவைப்படவில்லை.

அந்த மழைக்காலத்தில் வீட்டிலும் அந்தப் பாஷைதான் மிஞ்சியிருந்தது. காரணம் அவள் தம்பி.

தம்பி பொக்லைன் ஓட்டுகிறவன். மலைமேல் குடியிருப்புக்குப் போகும் சாலையை அகலப்படுத்திக்கொண்டிருந்தார்கள். மலையை வெட்டுவது அவன் வேலை என்பதால் எல்லாரும் அவனை மலைமுழுங்கி என்று கூப்பிட்டார்கள். அவனும் பட்டம் வாங்கியவன்போல் அதற்குத் திரும்பிப் பார்ப்பான். வெட்டின மண்ணை லாரியில் ஏற்றிக் கீழே கொண்டுபோக வேண்டும் என்பது பேச்சு. லாரி வருகிற நாளைவிட வராத நாள்தான் அதிகம். மேஸ்திரி பள்ளத்தைக் கைகாட்டினார். தம்பி மண்ணைப் பள்ளத்தில் தள்ளினான். பள்ளத்தில் விழுந்தது ஓடையில் கரைந்தது. ஓடையில் கரைந்தது கம்பித் தடுப்பில் வந்து அப்பிக்கொண்டது.

"உன் தம்பி என் தண்ணிய சேறாக்குறான்" என்றார் கணவர் ஒரு நாள். அவர் அளவுக்கு அது ஒரு மேடைப்பேச்சு.

"ரோடு வேணும்னு நீங்களும்தானே கைதூக்கினீங்க? அவன் பொழப்புல மண்ணள்ளிப் போடாதீங்க" என்றாள் அவள்.

மண்ணள்ளிப் போடுவது யார் என்று அவர் கேட்கவில்லை. சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்தார். அன்றிலிருந்து வீட்டில் மௌனம். அவர் கோபித்துக்கொண்ட மௌனமா, வழக்கமான மௌனமா என்று அவளுக்கே சிலசமயம் பிடிபடாது. இரண்டுக்கும் சத்தம் ஒன்றுதான். அவளும் விட்டுக்கொடுக்கவில்லை. தண்ணீர் வந்த பிறகு தட்ட வேண்டிய அந்த ஒற்றைத் தட்டைக்கூட வேண்டுமென்றே தாமதித்துத் தட்டினாள். நனையட்டும் கொஞ்சம் என்று.

அந்த மத்தியானம் மழை விடாமல் ஊற்றிக்கொண்டிருந்தது. மட்டம் லேசாக இறங்க, அவர் சருகு அள்ளும் வாரியைத் தோளில் போட்டுக்கொண்டு, போகிறேன் என்றுகூடச் சொல்லாமல் போயிருந்தார். கொஞ்ச நேரத்தில் தம்பி வந்தான். மழையில் வேலை நிறுத்திவிட்டார்கள்.

"அக்கா, டீ இருக்கா? இல்ல மாமா பிளாஸ்குக்கும் பூட்டு போட்டுட்டாரா?"

"கால தொடச்சிட்டு வாடா. பாதி மலைய உள்ள கொண்டு வந்துட்ட."

"மீதிப் பாதிய ஓடைல போட்டுட்டேன்ல. கணக்கு சரியாப் போச்சு."

"இத உன் மாமா முன்னாடி சொல்லு பாப்போம்."

"அவரு என்ன பண்ணுவாரு? ஒரு வார்த்தை திட்டுவாரு. அதுக்கு மேல ஸ்டாக் இல்ல." அவன் டீயை ஊற்றிக்கொண்டு படிகார மூட்டை மேல் உட்கார்ந்தான். "இன்னும் பேசலையா?"

"குழாய்ல பேசுறாரே."

சொல்லிவிட்டு அவள் கண்ணாடிக் குழலைப் பார்த்தாள். மட்டம் ஏறவில்லை. இன்னும் இறங்கியிருந்தது. ஸ்பேனரை எடுத்து இரண்டு தட்டு தட்டினாள். இன்னும் அள்ளுங்க. மேலிருந்து ஒரு தட்டு பதிலாக வந்தது. சரி.

தம்பி சாலைக் கதை சொல்லிக்கொண்டிருந்தான். மலைச்சரிவில் முன்பு நின்ற மரங்களை யாரோ எப்போதோ வெட்டி விற்றுவிட்டார்கள். அடிக்கட்டைகள் மட்டும் நின்றன. இப்போது பொக்லைன் தொட்டால் வேரோடு கையில் வந்துவிடுகின்றன என்றான். "வேரா அது? ஊறின பிஸ்கட் மாதிரி இருக்கு. மண்ண எது புடிச்சிட்டு நிக்குதுன்னே தெரியல."

அவள் பாதிக் காதில் கேட்டாள். மட்டம் மறுபடி இறங்கியது. மறுபடி இரண்டு தட்டினாள். இந்தமுறை குழாய் வேறு மாதிரி ஒலித்தது. தண்ணீர் நிறைந்த குழாய் அமுங்கின குரலில் பேசும்; இது காலிக் குடத்தைத் தட்டியதுபோல் நீளமாக அதிர்ந்துகொண்டே போயிற்று. அதன் கடைசியில், தொலைவில், ஒரு தட்டு. சரி.

மட்டம் குழலின் அடிக்கோட்டுக்குக் கீழே போய்க் காணாமல் போனது.

"முழுசா அடைச்சிடுச்சு போல" என்றாள். இத்தனை வருஷத்தில் மட்டம் இறங்கியதற்கு அவளுக்குத் தெரிந்த காரணம் ஒன்றே ஒன்று. மழை பெய்தால் சருகு வரும், சருகு வந்தால் அடைக்கும், அடைத்தால் இறங்கும். மூன்றாவது முறையாக ஸ்பேனரை ஓங்கினாள்.

"தட்டாதக்கா" என்றான் தம்பி.

அவன் கையில் இருந்த கிளாஸ் வாய்க்குப் பாதி வழியில் நின்றிருந்தது. தலையைச் சாய்த்து எதையோ கேட்டுக்கொண்டிருந்தான்.

"ஓடை சத்தம் எங்க?"

அவளும் கேட்டாள். தகரக் கூரையில் மழை. அதற்கு அடியில் எப்போதும் இருக்கிற இன்னொரு சத்தம், அந்தக் கட்டடத்தில் வேலை செய்கிறவர்களுக்குச் சொந்த மூச்சுபோல் கேட்டும் கேட்காமல் போகிற சத்தம், இல்லை. ஜன்னலைத் திறந்தாள். ஓடையில் தண்ணீர் இல்லை. கற்கள் ஈர முதுகோடு கிடந்தன. குட்டைகளில் மீன்கள் துள்ளிக்கொண்டிருந்தன. அதற்கு மேல் மழை கொட்டிக்கொண்டிருந்தது.

"மழை இப்படிப் பெய்யுது. ஓடை எப்படிடா வத்தும்?"

தம்பியின் முகத்தை அவள் பார்த்தாள். சின்ன வயதில் எதையாவது உடைத்துவிட்டு நிற்பான், அந்த முகம்.

"என்னடா?"

"ரோட்டு வளைவுக்குக் கீழ போட்ட மண்ணு, காலைலயே இருந்த எடத்துல இல்லக்கா. கொஞ்சம் கீழ எறங்கி உக்காந்திருந்துச்சு. மரக்கட்டைங்க எல்லாம் அதுல சிக்கிட்டு நின்னுச்சு. மேஸ்திரிகிட்ட சொன்னேன். மழை விடட்டும் பாத்துக்கலாம்னாரு." கிளாஸை மேஜைமேல் வைத்தான். "அது பள்ளத்த அடைச்சிடுச்சு. தண்ணி அதுக்குப் பின்னாடி நிக்குது."

"எவ்வளவு நேரம் நிக்கும்?"

"மண்ணு தாங்குற வரைக்கும். அப்புறம் தண்ணி மட்டும் வராது. எல்லாம் வரும்."

அவளுக்கு அப்போதுதான் உறைத்தது. அவர் எங்கே நிற்கிறார் என்பது. தண்ணீர் இல்லாத ஓடையின் நடுவில், கம்பித் தடுப்பின் முன்னால், மலைக்கு நேர் கீழே. அவர் குணம் அவளுக்குத் தெரியும். தடுப்பில் அடைப்பில்லை என்று கண்டால், அடைப்பு மேலேதான் எங்கோ என்று ஓடைவழியே இன்னும் மேலே ஏறுவார். இரண்டு இரண்டு தட்டாகத் தட்டி அவரை அங்கே ஏற்றிக்கொண்டிருந்தது அவள்.

தம்பி கதவை நோக்கிப் பாய்ந்தான். "நான் போய் மாமாவ இழுத்துட்டு வரேன்."

"எந்த வழியா?"

"ஓடை வழிதான். குறுக்குவழி."

"போகாத. நீ போறதுக்குள்ள அது வந்துடும். ரெண்டு பேரையும் தேட என்னால முடியாது." எப்படி அவ்வளவு நிதானமாகச் சொன்னாள் என்று அவளுக்கே தெரியாது. "பாலத்துல ஆளுங்க நிப்பாங்க. வத்தின ஓடையப் பாத்தா மீன் பொறுக்க எறங்கிடுவாங்க. அவங்கள ஏத்து. கீழ்த்தெருல சொல்லு."

"மாமா?"

"அவர நான் பாத்துக்கறேன்."

"எப்படி?"

"போடா."

அவன் ஓடினான்.

அவள் குழாயின் முன் நின்றாள். கையில் ஸ்பேனர். அவளிடம் இருந்தது இரண்டே சொற்கள். ஓடுங்க என்பதற்கு ஒரு தட்டு இல்லை. ஆபத்து என்பதற்கு ஒரு தட்டு இல்லை. எதற்கும் இருக்கட்டும் என்று ஒருநாளும் அவர்கள் பேசி வைத்துக்கொண்டதில்லை. மூன்று தட்டினால், நான்கு தட்டினால், பதறிப்போய்ப் பத்துத் தட்டினால், அவருக்கு அது ஒன்றைத்தான் சொல்லும்: இவள் தண்ணீருக்குத் தவிக்கிறாள், இன்னும் அள்ள வேண்டும். எவ்வளவு அதிகமாகத் தட்டுகிறாளோ அவ்வளவு உள்ளே போவார்.

அவரைக் கரையேற்றக்கூடிய சொல் ஒன்றுதான். அது பொய்.

ஒரு தட்டு தட்டினாள். தண்ணீர் வந்துவிட்டது. போதும். ஏறி வாங்க.

குழாய் நீளமாக அதிர்ந்து ஓய்ந்தது. பதில் இல்லை. கூரையில் மழை. அவர் அங்கே வற்றிய ஓடையில் நின்றுகொண்டு, சொட்டுத் தண்ணீர் போகாத குழாயின் வாயிலிருந்து, தண்ணீர் வந்துவிட்டது என்ற செய்தியைக் கேட்கிறார். கண்ணால் பார்ப்பதை நம்புவாரா, அவளை நம்புவாரா? அவள் அவரிடம் பொய்த்தட்டு தட்டியதே இல்லை. தாமதித்திருக்கிறாள், பொய் சொன்னதில்லை. அந்தத் தாமதங்கள் எல்லாம் இப்போது வரிசையாக வந்து முன்னால் நின்றன.

மறுபடி ஒன்று.

பதில் வந்தது. பொத்து, பொத்து என்று இரண்டு. இல்லை. தடுப்பணையிலிருந்து தட்டினால் அப்படித்தான் மங்கலாகக் கேட்கும். ஆக, அவர் இன்னும் அங்கேயே இருக்கிறார். அதோடு சண்டை வேறு போடுகிறார்.

"ஏறித் தொலைங்களேன்" என்றாள் குழாயைப் பார்த்து. இரண்டு கையாலும் ஸ்பேனரைப் பிடித்து ஓங்கி, ஒன்றே ஒன்று அடித்தாள்.

அதன் பிறகு ஒன்றும் இல்லை.

எவ்வளவு நேரம் என்று அவளால் சொல்ல முடியவில்லை. ஒரு மௌனத்துக்கும் இன்னொரு மௌனத்துக்கும் சத்தம் ஒன்றுதான் என்று சொன்னேன் அல்லவா? அன்று அவள் அதில் ஆயிரம் வித்தியாசம் கேட்டாள். ஏறிக்கொண்டிருக்கிறவரின் மௌனம். ஓடைவழியே மேலே போய்விட்டவரின் மௌனம். கோபத்தில் வாரியைப் போட்டுவிட்டு அணைமேல் உட்கார்ந்துவிட்டவரின் மௌனம். ஜன்னலுக்கு வெளியே காற்று மாறியிருந்தது. புது மண்ணும் நசுங்கின பச்சைமரமும் சேர்ந்த ஒரு வாசனை மேலிருந்து இறங்கி வந்தது. மேஜைமேல் தம்பி வைத்துவிட்டுப் போன கிளாஸில் டீ வட்டம் வட்டமாக நடுங்கியது.

அவள் வெளியே ஓடியிருக்க வேண்டும். கட்டடத்தின் பின்னால், மேல்நிலைத் தொட்டிக்குப் போகும் படிகள் பத்தடியில் இருந்தன. ஆனால் பதில் வரும்போது அங்கே ஆள் இல்லாவிட்டால்?

அப்போது கணீர் கணீர் என்று இரண்டு தட்டு.

இல்லை, என்கிறார். தண்ணீர் வரவில்லை, என்ன உளறுகிறாய் என்கிறார். ஆனால் பொத்து என்று இல்லை, கணீர் என்று. குழாய் மண்ணுக்கு வெளியே தலைகாட்டும் இடம் ஒன்றுதான் நடுவில் உண்டு. அணையிலிருந்து இறங்கி வரும் மேட்டுப்பாதையில், காற்றை வெளியேற்றும் வால்வுப் பெட்டி. ஓடையிலிருந்து நன்றாக உயரம். அங்கிருந்து தட்டினால்தான் அந்தக் குரல்.

அவள் ஸ்பேனரைப் போட்டுவிட்டு ஓடினாள். படிகளில் பாதி ஏறும்போது மலை கனைத்தது. இடி என்று நினைத்தேன் என்று பலர் சொல்கிறார்கள். அவள் அப்படிச் சொல்லவில்லை. இடி முடிந்துவிடும், இது முடியவில்லை என்றாள். திரும்பிப் பார்த்தபோது ஓடையின் திருப்பத்தில் ஒரு கறுப்புச் சுவர் வந்தது. முன்னால் பாறைகள், ஒன்றன்மேல் ஒன்று ஏறிப் புரண்டு; நடுவில் மரங்கள், தலைகீழாக; பின்னால் கலந்த சிமெண்டுபோல் கெட்டியான சேறு. தண்ணீர் என்று சொல்லக்கூடியது எதுவும் அதில் கண்ணுக்குத் தெரியவில்லை. பில்டர் ஹவுஸின் சுவரிலிருந்து இரும்புக் குழாயை, வேட்டியிலிருந்து நூலை உருவுவதுபோல் உருவிக்கொண்டு போயிற்று. பிறகு சுவரும் போயிற்று.

பாலத்தில் நடந்ததை அவள் பார்க்கவில்லை. கண்டவர்கள் சொல்லித்தான் தெரியும். பாதித் தெரு ஓடைக்குள் இறங்கி வாளியும் துண்டுமாக மீன் பிடித்துக்கொண்டிருந்தது. தம்பி கத்தினான்.

"ஏறுங்க, ஏறுங்க, மலை வருது."

"முழுங்கினத வாந்தியெடுத்துட்டியா?" என்றார் டீக்கடைக்காரர் கீழிருந்து. சுற்றிலும் சிரித்தார்கள்.

அவன் அழ ஆரம்பித்துவிட்டான் என்கிறார்கள். "ஆமா. நான் தள்ளின மண்ணுதான். நான்தான் அடைச்சேன். எனக்குத் தெரியாதா? ஏறித் தொலைங்க."

தன் தப்பைத் தானே ஒருவன் நடுத்தெருவில் சொன்னால் அதை யாரும் விளையாட்டு என்று நினைக்க மாட்டார்கள். சிரிப்பு அப்படியே நின்றது. பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு ஏறினார்கள். டீக்கடைக்காரரும் ஏறினார். வாளியை விட்டுவிட்டோமே என்று ஒருமுறை திரும்பி இறங்கினார்.

ஒத்தச்சொல்லு மேட்டுப்பாதையைச் சுற்றிக்கொண்டு வந்து சேர்ந்தபோது அவள் தொட்டியின் அடியில் உட்கார்ந்திருந்தாள். வாரி இன்னும் அவர் தோளில் இருந்தது. கீழே பில்டர் ஹவுஸ் இருந்த இடத்தைப் பார்த்தார். பிறகு அவளைப் பார்த்தார்.

"என்ன நெனச்சு ஏறுனீங்க?" என்றாள் அவள்.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தார். ஒரு சொல்லில் முடிக்கத்தான் பார்த்தார், முடியவில்லை. "நீ பொய் சொல்ல மாட்டியேன்னு" என்றார். வாரியைக் கீழே வைத்துவிட்டு, "சண்டை போடலாம்னுதான் ஏறினேன்."

டீக்கடைக்காரரை மறுநாள் பாலத்துக்கு வெகுதூரம் கீழே எடுத்தார்கள். கீழ்த்தெருவில் சொல்லச் சொல்ல வெளியே வராத ஒரு தாயும் மகனும் வீட்டோடு போனார்கள். பாலம் இல்லை. ஓடையின் படுகை வீடுகளின் வாசல் உயரத்துக்கு மேடாகிவிட்டதால், அதற்குப் பிறகு சாதாரண மழைக்கே தெருவுக்குள் தண்ணீர் வந்தது. பாதிப் பேர் வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விட்டார்கள். குழாய்த் தண்ணீர் அடுத்த மழைக்காலம் வரை வரவில்லை. விசாரணைக்கு வந்தவர்களிடம் தம்பி தன் பங்கைச் சொன்னான். அவர்கள் மழைதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போனார்கள். மேஸ்திரி வேறு மலையில் வேறு சாலை போடுகிறார். தம்பி பொக்லைன் ஓட்டுவதை விட்டுவிட்டான். சமவெளியில் ஒரு கிடங்கில் மூட்டை ஏற்றும் வண்டி ஓட்டுகிறான். டீக்கடைக்காரர் மனைவி அவனிடம் பேசுவதில்லை. ஆப்பரேட்டரம்மா புது பில்டர் ஹவுஸில் வேலை செய்கிறாள். அது ஓடையிலிருந்து தள்ளிக் கட்டியது. ஒத்தச்சொல்லு இன்னும் தடுப்புக்குப் போகிறார், இன்னும் குறைவாகத்தான் பேசுகிறார். இப்போது குழாயில் மூன்று தட்டுக்கும் ஒரு பொருள் உண்டு. அதை அவர்கள் இதுவரை தட்டியதில்லை.